ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரே புள்ளி

(அந்தமானில் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பேயில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கையில் ஒரு நோட்டு கொண்டு வந்திருக்கிறேன். மளிகைக் கடையில் பற்று வரவு எழுதுவார்களே, அந்த நீள நோட்டு. 2005 ஜனவரியில் எழுதத் தொடங்கினேன், இது ஒன்பதாவது. உலகத்தில் எங்கெல்லாம் நிலம் நடுங்கியது என்று காலையில் காபி குடித்த கையோடு பார்த்து எழுதிக்கொள்வேன். தேதி, நேரம், அளவு, ஆழம், இடம் என்று ஐந்து கட்டம். ஆறாவது கட்டம் நானாகச் சேர்த்தது: நம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து எத்தனை கிலோமீட்டர். ஆரம்பத்தில் நெட் சென்டருக்கு வாரம் ஒருமுறை போய் எழுதி வந்தேன். இப்போது நிலநடுக்கப் பட்டியல் ஃபோனிலேயே வந்துவிடுகிறது. உங்களிலும் பலர் பார்க்கிறீர்கள் என்று தெரியும். கட்டில் லேசாக ஆடினால் போதும், ஊரே ஃபோனை எடுத்துப் பார்க்கிறது. அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது, எப்போது அதைப் படிக்காமல் கீழே வைத்துவிட்டு ஓடுவது, இந்த இரண்டையும் பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். 2025 ஜூலை 30. ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் கம்சாத்கா. நேரம் நம் கணக்கில் காலை 4.54. அளவுக் கட்டத்தில் பென்சிலால் 8.0 என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு 8.7. அதையும் அடித்துவிட்டு 8.8. தேதிக் கட்டத்தில் 29 என்றும் இருக்கிறது, 30 என்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் இதைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஒரே நிலநடுக்கத்துக்கு மூணு அளவு, ரெண்டு தேதி?" என்று கேட்டான். நல்ல கேள்வி.

தேதியில் குழப்பம் ஒன்றும் இல்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பட்டியல் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நமக்கு விடியற்காலை ஐந்தரைக்கு முன் நடப்பதெல்லாம் அவர்கள் பட்டியலில் முந்தின நாள் கணக்கில் போய்விடும். டெல்லியில் இருக்கும் நம் தேசிய நிலநடுக்கவியல் மையம் இந்திய நேரத்தில் போடுகிறது. ஒரே நடுக்கத்தை இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு, நேற்று ஒன்று இன்று ஒன்று என்று இரண்டு வந்ததாக வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். முதலில் நேரத்தைப் பாருங்கள்.

அளவு மாறியதுதான் பெரிய விஷயம். அதைச் சொல்வதற்கு முன், இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

நிலத்துக்கு அடியில் பாறை உடைந்து நழுவும்போது அலைகள் கிளம்புகின்றன. முதல் அலை வேகமானது. விநாடிக்கு ஆறிலிருந்து எட்டு கிலோமீட்டர் ஓடும். இரண்டாவது அலை அதைவிட மெதுவாக, ஆனால் பலமாக ஆட்டிக்கொண்டு வரும். மின்னலைப் பார்த்துவிட்டு இடி கேட்கும்வரை எண்ணுகிறோமே, அதே கணக்கு. இரண்டு அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி, அதை எட்டால் பெருக்கினால், நிலநடுக்கம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் நடந்தது என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஒரு நிலையம் தூரத்தை மட்டும்தான் சொல்லும். மூன்று நிலையங்களின் தூரங்களை வைத்து வட்டம் போட்டால் இடம் பிடிபடும். இன்று நூற்றுக்கணக்கான நிலையங்கள் இதைத் தாமாகவே செய்கின்றன.

இந்த வலை ஒரு நாளில் பின்னப்பட்டதில்லை. 1889 ஏப்ரலில் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஒரு கருவி காரணம் தெரியாமல் ஆடியது. அது ஜப்பானில் நடந்த நிலநடுக்கம் என்று பிறகு தெரிந்தது. உலகத்தின் ஒரு கோடியில் நடப்பதை மறுகோடியில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளலாம் என்று மனிதனுக்குப் புரிந்த முதல் தருணம் அது. பிறகு ஜான் மில்ன் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்தின் வைட் தீவில் ஷைட் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, உலகமெங்கும் தன் கருவிகளை வைக்கச் செய்து, அவற்றின் பதிவுகளைத் தபாலில் வாங்கித் தொகுத்து அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். இன்று நம் ஃபோனில் ஓடும் பட்டியலுக்கு மூதாதை அதுதான். 1897இல் அசாமைப் புரட்டிப்போட்ட பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தியாவிலும் அந்தக் கருவிகள் வந்தன. கல்கத்தாவின் அலிப்பூர், பம்பாயின் கொலாபா, நம் கொடைக்கானல். 1960களில் அமெரிக்கா உலகம் தழுவிய நிலைய வலையை அமைத்தபோதும் கொடைக்கானல் அதில் இருந்தது. அந்த வலைக்குப் பணம் கொட்டியதற்குக் காரணம் அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிக்கும் தேவை. எதற்காகத் தொடங்கினார்களோ, பலன் நமக்கும் கிடைத்தது.

அந்தமானுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பு வருகிறது. 1881 டிசம்பர் 31, காலை நேரம். கார் நிக்கோபார் பக்கம் கடலடியில் பெரிய நிலநடுக்கம். இன்றைய கணக்கில் 7.9. அது எழுப்பிய அலை வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த கடல்மட்டக் கருவிகளில் பதிந்தது. நாகப்பட்டினத்திலும் பதிவு இருக்கிறது. அந்த நிலநடுக்கம் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் இதழில் குறிப்பு எழுதியவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் என்ற இளைஞர். அதே ஓல்டாம்தான் பின்னால் அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளை வைத்து மூன்று வகை அலைகளைப் பிரித்துக் காட்டினார். 1906இல், பூமியின் நடுவே வேறு பொருளாலான கரு ஒன்று இருக்கிறது என்று அலைகளின் வழியாகவே நிறுவினார். பூமியின் கருவைக் கண்டவரின் தொடக்கப் பாடங்களில் ஒன்று நம் தீவுக் கடல். பள்ளிக்கூடங்களில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தத் தீவுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

சரி, எண் ஏன் மாறுகிறது?

ஹாடோ வார்ஃபில் சென்னைக் கப்பல் வந்து நிற்கிறது. படியில் ஆட்கள் இறங்குகிறார்கள். நீங்கள் ஐந்து நிமிடம் நின்று எண்ணிவிட்டு, "இவ்வளவு பேர்தான்" என்று வீட்டுக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கு சரியாக இருக்குமா? சின்னப் படகு என்றால் சரியாக இருக்கும். அதற்குள் எல்லாரும் இறங்கியிருப்பார்கள். கப்பல் பெரிதாக ஆக, உங்கள் கணக்கு குறைந்துகொண்டே போகும். நிலநடுக்கமும் அப்படித்தான். 5 அளவு நடுக்கம் ஓரிரு விநாடிகளில் உடைந்து முடிந்துவிடும்; முதல் கணக்கே ஏறத்தாழச் சரியாக வரும். மிகப் பெரிய நிலநடுக்கத்தில் பாறை நிமிடக்கணக்கில் கிழிந்துகொண்டே போகும். தொடக்க அலைகளை மட்டும் வைத்துச் சொன்ன எண் சிறியதாகத்தான் இருக்கும்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. காலை 6.29 ஆவதற்கு ஏழு விநாடி இருக்கும்போது சுமத்ராவின் வடமேற்குக் கடலில் உடைப்பு தொடங்கியது. அங்கிருந்து நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். இன்றைக்கும் எந்தப் பட்டியலில் தேடினாலும் அந்த நிலநடுக்கத்துக்கு சுமத்ராவின் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளிதான் வைத்திருப்பார்கள். புள்ளியை மட்டும் பார்க்கிறவன், இது நமக்கு வெகு தொலைவு என்று நினைப்பான். ஆனால் புள்ளி, உடைப்பு தொடங்கிய இடம் மட்டுமே. அங்கே தொடங்கிய கிழிசல் விநாடிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே ஓடி வந்தது. கிரேட் நிக்கோபாரைத் தாண்டி, கச்சாலைத் தாண்டி, கார் நிக்கோபாரைத் தாண்டி, நம் மேற்குப் பக்கமாக வடக்கு அந்தமான்வரை போய் நின்றது. 1,200, 1,300 கிலோமீட்டர் நீளம். எட்டிலிருந்து பத்து நிமிடம். கணக்குப் போட்டால், சுமத்ராவிலிருந்து வந்த முதல் அலை இரண்டே நிமிடத்தில் நம்மைத் தொட்டிருக்கிறது. கிழிசல் நம் பக்கம் வந்து சேர ஆறு ஏழு நிமிடம் ஆகியிருக்கிறது. ஆட்டம் ஏன் அடங்குவது போல் இருந்து மறுபடியும் பிடித்துக்கொண்டது என்று அன்று நமக்குப் புரியவில்லை. இதனால்தான்.

அன்று காலை நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றிருந்தேன். முதலில் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்தது. காற்றே இல்லாமல் தென்னைகள் ஒரே திசையில் சேர்ந்து ஆடின. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்க்கிறேன், நிற்கவில்லை. இந்தத் தீவில் பிறந்தவனுக்கு ஆட்டம் புதிதில்லை. இவ்வளவு நேரம் நீண்டதுதான் புதிது. அதற்கு என்ன பொருள் என்று எனக்கு அன்று தெரியாது. இயற்பியல் நடத்தியவன் நான். அலையின் வேகத்துக்குச் சூத்திரம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். ஆட்டம் நின்றதும் கீழே இறங்கி, ஜெட்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கக் கடலை நோக்கி நடந்தேன். அந்தப் பக்கம் நடந்தவர்கள் ஏராளம். தண்ணீர் படத்தில் காட்டுவது போல மதில் உயர அலையாக வரவில்லை. ஏற்றம் பொங்குவது போல நிற்காமல் ஏறிக்கொண்டே வந்தது. திரும்பி ஓடினேன், பிழைத்தேன். இந்த நோட்டு அன்றைக்கு ஓடிய ஓட்டத்திலிருந்து பிறந்தது.

அதே நேரத்தில் பட்டியல் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிக்கை நம் நேரப்படி 6.44க்கு வெளியானது. அளவு 8.0, பசிபிக்கில் சுனாமி அபாயம் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. 7.34க்கு 8.5 என்று திருத்தினார்கள். அதற்கும் சில மணி நேரம் கழித்து ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணக்கு 8.9. பிறகு 9.0. இன்று பட்டியலில் 9.1; 9.3 என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எண்ணில் ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். 8.0க்கும் 9.1க்கும் இடையே ஏறத்தாழ 45 மடங்கு. அன்று காலை உலகத்திலேயே திறமையானவர்கள் கையில் இருந்த எண், நடந்ததில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கைத்தான் காட்டியது. அந்த எண் வெளியாவதற்கு முன்பே நிக்கோபார் தீவுகளில் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. 8.5 என்று திருத்தியபோது போர்ட் பிளேரில் தண்ணீர் ஏறிவிட்டது. சென்னைக்கும் நாகைக்கும் அலை போய்ச் சேர்ந்தது அதற்கும் பிறகு.

இழப்புகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்கென்று இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும், அவர்களுக்குப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிக்கோபாரி மக்களும் ஒரே காலையில் வீடிழந்தார்கள். பிறகு தகரக் கொட்டகைகளில் வருடக்கணக்கில் வெந்தார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஒரு முறை பெயர்ந்தவர்களுக்கு அது இரண்டாவது பெயர்ச்சி. அவர்களில் சிலர் இந்த அவையிலும் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் எண்களைப் பற்றிப் பேசுகிறேன் என்ற கூச்சம் எனக்கு உண்டு. ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

நிலமே இடம் மாறியதும் நமக்குத் தெரியும். கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது; கலங்கரை விளக்கம் தண்ணீரில் நிற்கிறது. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்து, தென்மேற்காக நகர்ந்தும் விட்டது. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறுவதற்கு இருபது வருடம் முன்பே இந்த ஊர் இடம் மாறிவிட்டது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த நிலத்தில் இன்று உப்புத் தண்ணீர். வடக்கே மாயாபந்தர், திக்லிப்பூர் பக்கம் நேர்மாறாகக் கரை உயர்ந்து, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் கடலோரப் படிகளில் தண்ணீர் எதுவரை வருகிறது என்று பாருங்கள். 2004க்கு முன் அந்தப் படிகள் காய்ந்திருந்ததை வயதானவர்கள் சொல்வார்கள்.

இப்போது கம்சாத்கா பக்கத்துக்குத் திரும்புகிறேன். 2025இலும் முதல் எண் அதே 8.0தான். ஆனால் 8.7ஆக, 8.8ஆக அது ஏறச் சிறிது நேரமே பிடித்தது. ஜப்பான் முதலில் ஒரு மீட்டர் அலை என்று சொல்லிவிட்டு, பிறகு மூன்று மீட்டர் என்று உயர்த்தியது. 2004இல் நாள்கணக்கில் நடந்த திருத்தம் இப்போது வெகு விரைவில் முடிகிறது. நமக்கும் 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில், இன்காய்ஸ் நிறுவனத்தில், சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. வங்கக் கடலின் அடியில் அழுத்தமானிகள், கரையோரம் கடல்மட்டக் கருவிகள். இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கெல்லாம் இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் எச்சரிக்கை தருகின்றன. இந்த வேலையைச் செய்கிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? பிற்பகல் 2.08க்கு 8.6, இரண்டு மணி நேரத்தில் இன்னொரு 8.2. எச்சரிக்கை வந்தது, மேட்டுக்கு ஏறினோம். அலை பெரிதாக எழவில்லை, எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அன்று பலர் முணுமுணுத்தார்கள், வீணாக அலைக்கழித்துவிட்டார்கள் என்று. அப்படிச் சொல்லாதீர்கள். அன்று பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன; கடலடித் தரை மேலே எழும்பவில்லை, அதனால் நீர் தூக்கப்படவில்லை. அப்படிப்பட்ட பக்கவாட்டு நிலநடுக்கங்களில் பதிவானவற்றுள் மிகப் பெரியது அது. எந்த வகை உடைப்பு என்று முதல் சில நிமிடங்களில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏறியதுதான் சரி.

சாதாரண நாள்களில் பட்டியலைப் படிப்பது பற்றி இன்னும் சில வார்த்தை. உலகத்தில் 4க்கு மேல் 5க்குள் இருக்கும் நடுக்கங்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது. 7க்கு மேற்பட்டவை ஆண்டுக்குப் பதினைந்து அளவில். 8க்கு மேல் சராசரியாக ஒன்று. "இந்த வாரம் உலகமே ஆடுகிறது" என்று செய்தி வந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 10 கிலோமீட்டர் என்று அடிக்கடி பார்ப்பீர்கள். உண்மையில் எல்லாம் பத்தில் நடப்பதில்லை. ஆழம் தெளிவாகக் கிடைக்காதபோது கணக்கை முடிப்பதற்காக ஒரு வழக்கமான எண்ணை வைக்கிறார்கள். என் நோட்டில் இந்தப் பத்துகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அமெரிக்கப் பட்டியலில் கலிஃபோர்னியா எந்நேரமும் புள்ளி புள்ளியாகத் தெரியும். நம் கடல் வெறுமையாகத் தெரியும். அங்கே சின்னச் சின்ன நடுக்கத்தையும் பிடிக்கக் கருவிகள் நெருக்கமாக இருக்கின்றன. நம் கடலில் அப்படி இல்லை. வெறுமையைப் பார்த்து அமைதி என்று எண்ணிவிடக் கூடாது.

நம் கடல் கூட்டமாகவும் நடுங்கும். 2005 ஜனவரிக் கடைசியில் நிக்கோபாருக்குக் கிழக்கே நாலைந்து நாளில் 5க்கு மேற்பட்டவை மட்டும் நூற்றுக்கு மேல். என் முதல் நோட்டின் தொடக்கப் பக்கங்கள் முழுக்க அவைதான். எழுதி எழுதிக் கை வலித்தது. 2022 ஜூலையிலும் ஒரே நாளில் இருபதுக்கு மேல் வந்து ஊர் தூங்கவில்லை. அந்தக் கடலடியில் தரை விரிந்து பிளந்துகொண்டிருக்கிறது. அங்கே இப்படிக் கொத்துக் கொத்தாக வருவது உண்டு. 2025 மார்ச் 28இல் மியான்மரை இடித்த 7.7 நிலநடுக்கத்தின் சகாயிங் பிளவும் தெற்கே வந்து இதே அந்தமான் கடலில்தான் சேர்கிறது. இந்தக் கொத்துகளை வைத்து, நாளைக்கு இத்தனை மணிக்குப் பெரியது வரும் என்று சொல்லும் ஒலிப்பதிவுகள் பரவுகின்றன. நாளும் நேரமும் குறித்துச் சொல்லும் வித்தை எந்த நாட்டிலும் எவரிடமும் இல்லை. அவற்றை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

போன மாதம் கடையில் ஓர் அம்மா கேட்டார்: "சார், ஃபோன்ல 4.8ன்னு காட்டுது, சுனாமி வருமா?" வராது அம்மா என்றேன். அவர் விடவில்லை. "அப்ப எத்தனை காட்டினா ஓடணும்?" நான் இங்கே பேச வந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

எண்ணைப் பார்த்து ஓடக் கூடாது. எண் வருவதற்குள் ஓடியிருக்க வேண்டும். பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் எண் சிறிதாகத்தான் வரும் என்று பார்த்தோம். ஆட்டத்தின் பலத்தையும் முழுக்க நம்ப முடியாது. 2010 அக்டோபர் 25இல் சுமத்ராவின் மேற்கே மெந்தாவாய் தீவுகளில் 7.8, ஆட்டம் மெதுவாகத்தான் இருந்தது, பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பின்னால் வந்த அலையில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே ஆட்டம் மென்மையாக இருந்தாலும் நீளமாக இருந்தது. நம் பக்கத்தில் ஓடும் அதே கடலடி அகழியின் தெற்குப் பகுதிதான் அது. ஆகவே எண்ணுங்கள். ஆட்டம் தொடங்கியதும் வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். பிள்ளைகளையும் சேர்ந்து எண்ணச் சொல்லுங்கள். பயத்தில் மூன்று விநாடி முப்பதாகத் தெரியும், அதனால்தான் வாய்விட்டு. இருபதைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால், ஆட்டம் அடங்கும்வரை தலையைக் காத்துக்கொண்டு, அடங்கியதும் கடலுக்கு முதுகைக் காட்டி மேட்டுக்கு நடங்கள். ஹாவ்லாக் போட்டுக்கு டிக்கெட் எடுத்து வரிசையில் நிற்கிறீர்களா, வரிசையை விடுங்கள். பையை விடுங்கள். ஃபோனை மேலே போய்ப் பாருங்கள். முதல் அலையோடு முடிந்தது என்று இறங்காதீர்கள். அதிகாரிகள் சொல்லும்வரை மேலேயே இருங்கள்.

ஒரு வேலை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை ஜெட்டி வாசலில் நின்று நேரத்தைப் பாருங்கள். டெலானிப்பூர் பக்கம் ஏறும் சாலையில் வீட்டுப் பெரியவரையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு, அவர்கள் நடக்கும் வேகத்தில் நடந்து, மேட்டில் போய் நின்று மறுபடியும் நேரத்தைப் பாருங்கள். நான் நடந்து பார்த்திருக்கிறேன். இந்த நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்: எனக்குப் பதினோரு நிமிடம். முழங்கால் வலியோடு என் மனைவிக்குப் பதினாறு.